கிணற்றடியில் அளவை எழுதி வையுங்கள்: வலிகாமத்துப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம் வலிகாமத்துப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 மே மாதத் தேர்தலுக்கு வீடு வீடாக வந்து வாக்குக் கேட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கிணற்றடியில் கால் கழுவி, ஒரு செம்பு தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அப்பா தோட்டக்காரர். வெங்காயமும் பீற்றூட்டும் மாறி மாறிப் போடுகிற செம்மண் தறை, நடுவில் கிணறு, அந்தக் கிணற்றிலேதான் குடிக்கவும் அள்ளுகிறோம். போன தை மாதம், மாரி மழை ஓய்ந்த பிறகு, நைத்திரேற்றுச் சோதிக்கும் பட்டி ஒரு பெட்டி வாங்கினேன். நுனியில் வெள்ளைச் சதுரம் ஒட்டிய சின்னப் பிளாஸ்டிக் துண்டு அது. வாளித் தண்ணீரில் தோய்த்து எடுத்து ஒரு நிமிடம் பொறுத்தேன். வெள்ளை மெல்ல ரோசாவாகி, பிறகு நாவல்பழம் தின்ற நாக்குப் போல இருண்டு வந்தது. பெட்டியில் இருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் லீற்றருக்கு 50க்கும் 100 மில்லிகிராமுக்கும் நடுவில். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை 50. அதே தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். பளிங்கு. மணமும் இல்லை, ருசியிலும் மாற்றம் இல்லை.

பட்டி துல்லியமான கருவி இல்லை, அதனால் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. நிறம், மணம், கிருமி எல்லாம் பார்த்திருந்தார்கள். நைத்திரேற்று என்ற வரி மட்டும் வெறுமையாக இருந்தது.

நைத்திரேற்று என்றால் ஏதோ நஞ்சு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நைதரசனும் மூன்று ஒட்சிசனும் சேர்ந்த அயன் அது, அவ்வளவுதான். அது இல்லாமல் ஒரு வெங்காயத் தாளும் பச்சை பிடிக்காது. நாங்கள் தின்னும் கீரையிலும் பீற்றூட்டிலும் நிறைய இருக்கிறது. அம்மம்மா நெஞ்சு அடைக்குது என்றால் நாக்கின் கீழ் வைக்கும் சின்ன மாத்திரையும் இதன் உறவுதான். அதன் பெயரே கிளிசரைல் திரைநைத்திரேற்று. கோயில் திருவிழா வாணத்தில் சிவப்பு நிறம் தருவது துரந்தியம் நைத்திரேற்று, பச்சை தருவது பேரியம் நைத்திரேற்று. அதே குடும்பத்து அமோனியம் நைத்திரேற்று 2,750 தொன் ஒரு துறைமுகக் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்ததால்தான் 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் நகரம் சிதறியது. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஒரே பொருள்தான். எங்கே, எவ்வளவு கிடக்கிறது என்று யாராவது பார்க்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் நிலத்தடியை யார் பார்க்கிறார்கள்?

பழைய காலத்தில் வெடியுப்பு எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? மாட்டுக் கொட்டில் மண்ணிலிருந்தும் பழைய சுவர்களில் பூக்கும் வெள்ளை உப்பிலிருந்தும். சிறுநீரும் சாணமும் ஊறிய மண்ணில் பக்டீரியாக்கள் வேலை செய்து, அமோனியாவை முதலில் நைத்திரைற்று, பிறகு நைத்திரேற்று என்று மாற்றிவிடும். அதைச் சுரண்டிக் காய்ச்சி வெடிமருந்துக்குக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து மலசலகூடக் குழிகளைச் சுற்றியுள்ள மண்ணில் இன்று நடப்பதும் அதுதான். சுரண்டி எடுக்க ஆள் இல்லை, கீழே கிணறு இருக்கிறது. எங்கள் காணிகளோ சின்னவை. ஒரு வீட்டுக் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அயல்.

மேலே தோட்டத்து யூரியா. அதன் எடையில் 46 வீதம் நைதரசன். மண்ணில் விழுந்த சில நாட்களிலேயே அமோனியமாகி, பிறகு நைத்திரேற்றாகிவிடும். அமோனியத்தை மண் ஓரளவு பிடித்து வைக்கும். நைத்திரேற்றை அப்படிப் பிடிக்காது, தண்ணீரில் முழுக்கக் கரைந்து தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். வெங்காயத்துக்கு வேர் ஆழமில்லை. பாத்தி நிரம்ப இறைத்தால் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு உரம் இறங்கிவிடும். அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். வற்றாத ஆறு கிடையாது, பெய்கிற மழை மட்டும்தான் வருமானம். அந்த மழை செம்மண்ணைக் கழுவிக்கொண்டு, கடல்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கும் எங்கள் நன்னீரில் போய்ச் சேர்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கு மாணவர்களைக் கூட்டிப்போனால் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று காட்டிச் சொல்வேன். இப்போது அந்த மேல்படையில் என்ன கரைந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், கைக்குழந்தைகளால்தான். 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர், தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாரித்துப்போனதை எழுதி வைத்தார். நைத்திரேற்று உடம்புக்குள் ஓர் ஒட்சிசனை இழந்து நைத்திரைற்று ஆகிறது. தமிழில் எழுதினால் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ‘ரே’ இருந்த இடத்தில் ‘ரை’. அந்த நைத்திரைற்று குருதியின் ஈமோகுளோபினில் உள்ள இரும்பை மாற்றிவிடும். மாறிய ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்காது. பெரியவர்களின் உடம்பு அதைத் திருத்திக்கொள்ளும். முதல் சில மாதக் குழந்தைக்கு அந்த வலு இன்னும் வந்திருக்காது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. பால்மா கரைத்துக் கொடுக்கிற வீட்டுக்குத்தான் இது தெரிந்திருக்க வேண்டும்.

என் அக்கா அப்படித்தான் கரைத்துக் கொடுத்தாள். நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்து, துணியில் வடித்து. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுகிற அளவுக்கு இன்னும் செறிவாகும். கிணற்றுக்குக் குளோரின் போட்டாலும் போகாது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லூரான் புண்ணியம். ஆனால் பட்டி கருஞ்சிவப்பான அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

தோட்டக்காரர்களைக் குற்றவாளியாக்கி ஏதும் செய்துவிடாதீர்கள். போர்க்காலத்தில் வடக்குக்கு வரக்கூடாத பொருள்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது. பூவரசங்குழை தாழ்த்தியும் ஆட்டெருப் போட்டும் அப்பா தோட்டம் செய்தார். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, விளைச்சல் விழுந்து, அந்த வருடம் முடியுமுன்னே பின்வாங்கியது. உரம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அளவைச் சொல்லித் தாருங்கள், அது போதும்.

ஒரு கணக்குப் பாருங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள கிணற்றிலிருந்து ஒரு லட்சம் லீற்றர் இறைத்தால் 5 கிலோ நைத்திரேற்று பாத்திக்குப் போகிறது. நைதரசன் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ யூரியா. காசு கொடுக்காமல் கிணறே தருகிற உரம். இதைக் காட்டியதும் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, “அப்ப நான் இவ்வளவு நாளும் ரெண்டு தரம் போட்டிருக்கிறன்” என்றார். அந்தப் போகத்துக்கே யூரியாவைக் குறைத்து, ஒரே தரமாகக் கொட்டாமல் மூன்று தரமாகப் பிரித்துப் போட்டார். வெங்காயம் குறையவில்லை. தன் கிணற்றின் அளவு தெரிந்தால் எந்தத் தோட்டக்காரரும் இதைச் செய்வார்.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் சபை எல்லைக்குள் உள்ள பொதுக்கிணறுகள் எல்லாவற்றையும் வருடத்தில் இரண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும், நைத்திரேற்றுக்குச் சோதியுங்கள். வந்த அளவைத் திகதியோடு ஒரு தகரப் பலகையில் எழுதி அந்தக் கிணற்றடியிலேயே மாட்டுங்கள். கோப்புக்குள் வைத்தால் யாருக்கும் பயனில்லை. கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுக்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுங்கள். 50க்கு மேல் உள்ள இடங்களில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காவது பவுசரில் நல்ல தண்ணீர் அனுப்புங்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, அந்தக் குழாய் எந்த ஒழுங்கைக்கு முதலில் வரவேண்டும் என்பதையும் இந்தப் பட்டியலை வைத்தே தீர்மானிக்கலாம். அப்புறம், புது வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது அடி திறந்த மலக்குழிக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊரே தெருவுக்கு வந்தது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. நைத்திரேற்றுக்கு அப்படி ஒரு அடையாளமும் இல்லை. சோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான் சபை.

பெட்டியில் இன்னும் 31 பட்டிகள் மீதி இருக்கின்றன. ஆவணியில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு பக்கத்து ஒழுங்கைக் கிணறுகளை நாங்களே பார்க்கப் போகிறோம். உங்கள் சபையிலிருந்து ஒருவர் எங்களோடு வந்து, அளவுகளைப் பதிந்து, ஆய்வுகூடச் சோதனைக்கும் ஒழுங்கு செய்தால் நல்லது. நாளும் நேரமும் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வலிகாமத்து விஞ்ஞான ஆசிரியை ஒருவர்