தெற்கு வாய்க்காலில் யானைகளுக்குக் கொஞ்சம் வழிவிடச் சொல்லுங்கள்

போட்ஸ்வானா வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஆகஸ்டில் சோபே ஆற்றில் படகு சஃபாரி போனேன். காசானே ஊரிலிருந்து மாலை மூன்று மணிக்குக் கிளம்பும் படகு. யாருடைய படகு என்பது வேண்டாம்; அன்று எல்லாப் படகும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன.

ஆற்றின் நடுவில் இருக்கும் செடூடு தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு யானைக் கூட்டம் இறங்கியது. மழையில்லாத மாதங்களில் தீவின் பச்சைப் புல்லுக்காக நீந்திப் போகுமாம். முன்னால் வயதான பெண் யானை, நடுவில் குட்டிகள். அது தண்ணீரில் கால் வைத்ததுமே ஏழெட்டுப் படகுகள் அரைவட்டமாகச் சூழ்ந்துவிட்டன. எங்கள் படகில் "இன்னும் கொஞ்சம் பக்கத்துல" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். யானை நின்றது, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது, திரும்பிக் கரையேறிவிட்டது. இருபது நிமிடம் கழித்து மறுபடி வந்தது. மறுபடியும் படகுகள். நாங்கள் ஊர் திரும்பும்போதும் கூட்டம் கரையில்தான் நின்றது.

1,30,000-க்கும் மேல் யானைகள் இருக்கும் நாட்டில் ஒரு கூட்டத்துக்கு ஒரு சாயங்காலம் புல் கிடைக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆனால் அந்த மூன்று மணிப் படகுகள் தினமும் கிளம்புகின்றனவே!

கைடுகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒருவர் ஒதுங்கி நின்றால் அடுத்த படகு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிப்ஸும் அங்கேதான் போகும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கூட்டம் கரையிறங்கினால் எல்லாப் படகும் ஒரே பக்கமாக ஒதுங்கி, மோட்டாரை அணைத்து நிற்கட்டும். இப்படி விதி ஏற்கெனவே இருந்தால், அன்று அதை யாரும் மதிக்கவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாடான நமீபியாவின் படகுகளும் வருமே என்பீர்கள். சரி. 1999 டிசம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் 11-க்கு 4 என்ற கணக்கில், இரு நாடுகளும் உரிமை கோரிய தீவை உங்களுக்குக் கொடுத்தது. தீவைச் சுற்றி ஆறு பிரிந்து ஓடும் இரண்டு வாய்க்கால்களிலும் இரு நாட்டுப் படகுகளையும் சமமாக நடத்த வேண்டும் என்றும் சொன்னது. எல்லை வடக்கு வாய்க்காலில் போகிறது. நான் பார்த்த யானைகள் இறங்கியது தெற்கு வாய்க்காலில், உங்கள் பக்கம். உங்கள் படகுக்கு ஒரு விதி, அவர்கள் படகுக்கும் அதே விதி என்றால் அந்தத் தீர்ப்புக்கு முரணாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் வர ஆசை இருக்கிறது. அடுத்த முறை பைனாகுலர் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அன்று படகில் இருந்த ஒரு பயணி