தாம்பரம் பகுதி குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

சிட்லபாக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வரவேண்டும். இப்போது அதே வாசலுக்கு ஒரு படி இறங்குகிறோம். ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வந்த வினை இது. ஐப்பசி பிறந்தால் கேட்டடியில் மணல் மூட்டை அடுக்குகிறோம், அதையும் மீறித் தெருத் தண்ணீர் சம்ப்புக்குள், அதாவது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்கிவிட்டால் அத்தனையையும் இறைத்துக் கொட்டிவிட்டு லாரித் தண்ணீர் வாங்க வேண்டியதுதான், ஏனென்றால் அது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, நாற்றமே சொல்லிவிடும்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சி சேர்ந்து தாம்பரம் என்று ஒரே மாநகராட்சி ஆனோம். 70 வார்டுகள். ஆனால் நாம் மட்டும் இன்னும் தெருத் தெருவாகவே மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். என் தெருவுக்கு வடிகால், உங்கள் தெருவுக்கு வடிகால் என்று கேட்டு வாங்குகிறோம், சரி, அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகவேண்டும், அங்கிருந்து நன்மங்கலம், அப்படியே கீழே இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஜிஎஸ்டி ரோட்டுக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துத் தண்ணீருக்கு அடையாறுதான் போக்கு. 2015 டிசம்பரில் அங்கே மக்களைப் படகில் மீட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீருக்கு வார்டு எல்லை கிடையாது. மேலே இருக்கிற நாம் செப்டிக் டேங்க் குழாயை யாருக்கும் தெரியாமல் மழைநீர் வடிகாலில் சொருகினால், அது செம்பாக்கத்துக்காரர் வீட்டுக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். இந்தத் தப்பில் நம் பங்கும் இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஏரித் தொடரில் இருக்கிற சங்கங்கள் ஒன்றாக உட்காருவோம். பாதாள சாக்கடை வந்து வீட்டு இணைப்பும் முடிந்த பிறகே புது ரோடு, அதுவும் பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் என்று எல்லோரும் ஒரே மனுவாகக் கொடுப்போம். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபாக் கூட்டத்துக்கு, அதாவது வார்டு மக்கள் நேரில் குறைகளைச் சொல்லும் கூட்டத்துக்கு, முதலமைச்சரே வந்தார். அந்த சபா நமக்கும் உண்டு. அங்கே தெருவிளக்கு பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து வராமல், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கலில் இருந்து அடுத்த ஏரி வரைக்கும் கால்வாயில் எங்கெங்கே அடைப்பு, எங்கெங்கே ஆக்கிரமிப்பு என்று வரைபடத்தோடு கேட்போம்.

அந்த வரைபடத்தை நாமே போடலாம். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கூடி, கால்வாய் ஓரமாகவே செம்பாக்கம் வரை நடந்து பார்ப்போம். ஒரு சங்கத்துக்கு இரண்டு பேர் வந்தால் போதும். தேதியை நீங்களே சொல்லுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
சிட்லபாக்கத்திலிருந்து ஒரு குடியிருப்பாளர்