ஷார்ட் ஆக்‌ஷன் என்று சொல்லி லாங் ஆக்‌ஷன் ரைஃபிளை அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 308 வின்செஸ்டர் ரைஃபிளை மாற்றித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை 308 வின்செஸ்டர் தோட்டாவுக்காக வாங்கினேன். விவரப் பட்டியலில் ‘ஷார்ட் ஆக்‌ஷன்’ என்று, அதாவது 308 போன்ற குட்டைத் தோட்டாவுக்கு ஏற்ற குட்டையான இயக்க அமைப்பு என்று, அச்சிட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டை ஒருமுறை இழுத்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. பல ஆண்டுகளாக ஷார்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் சுட்டுப் பழகியவன் நான். போல்ட் எங்கே வந்து நிற்கும் என்று என் கைக்குத் தெரியும். இதிலோ அது அந்த இடத்தைத் தாண்டியும் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றிப் பார்த்தேன். பின்சுவரை ஒட்டி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. வெர்னியரை வைத்து அளந்தேன். மேகசினின் உள்நீளம் 86 மில்லிமீட்டர், கட்டையின் தடிமன் 13 மில்லிமீட்டர். 308 தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 71.1 மில்லிமீட்டர்தான். அதற்கு 86 எதற்கு? 84.8 மில்லிமீட்டர் நீளமுள்ள 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவுக்குச் செய்த லாங் ஆக்‌ஷனில் 308 குழலைத் திருகி, மீந்த இடத்தைக் கட்டையால் அடைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதும் புரிகிறது. இரண்டு தோட்டாக்களுக்கும் அடிவிளிம்பின் அகலம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். போல்ட்டின் முன்நுனியான ஒரே போல்ட் முகம் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். குழலை மட்டும் மாற்றினால் போதும், தொழிற்சாலைக்கு வேலை மிச்சம். ஆனால் 308 எதற்காகப் பிறந்தது என்பதையும் எண்ணிப்பாருங்கள். 1906-இல் வந்த 30-06-இன் பித்தளைக் கூடு 63 மில்லிமீட்டர். பிறகு வெடிமருந்து மேம்பட்டதால் ஏறக்குறைய அதே வேகத்தை 51 மில்லிமீட்டர் கூட்டிலேயே எட்ட முடிந்தது. 1952-இல் 308 விற்பனைக்கு வந்தது. கூடு குறுகியதால் ரைஃபிளின் உடலும் குறுகலாம், எடை குறையலாம், போல்ட்டின் ஓட்டமும் குறையலாம். அந்தப் பயன் முழுவதையும் நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

சுமார் நாற்பது தோட்டாக்கள் சுட்டதும் அந்தக் கட்டை உடைந்து பிடிப்பை இழந்தது. பயிற்சித் திடலில் குழலை மேல்நோக்கிப் பிடித்தபடி என் இடத்துக்கு நடந்தபோது, மேகசினில் இருந்த தோட்டாக்கள் பின்சுவர் வரை சரிந்திருக்கின்றன. அது எனக்குத் தெரியாது. முதல் தோட்டாவைச் சுட்டுவிட்டு, கை பழகிய தூரத்துக்கு போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். காலிக்கூடு வெளியே விழுந்தது. ஆனால் போல்ட் அடுத்த தோட்டாவின் அடிவிளிம்பைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. அதன் முதுகின் மேல் வழுக்கிச் சென்று, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பர் காலியாக இருக்கப் பூட்டிக்கொண்டது. விசையை அழுத்தினேன். ‘டிக்’ என்ற ஒலி மட்டும்.

அந்த ஒலி கேட்டால் தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும் என்றே எண்ண வேண்டும். குழலை இலக்கிலிருந்து அசைக்காமல் முப்பது வினாடிகள் காத்திருந்தேன். சேம்பரில் தோட்டாவே இல்லை என்று போல்ட்டைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் சுடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போல்ட்டை முழுவதும் இழுக்காதது என் தவறு என்று தங்கள் சேவைப் பிரிவில் சொன்னார்கள். முழுவதும் இழுக்க வேண்டும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 308-க்கு ஏற்ற ஆக்‌ஷனில் அந்தத் தூரத்துக்கு இழுத்திருந்தால் அடுத்த தோட்டா தவறாமல் ஏறியிருக்கும்.

நீளமான குண்டுகளைக் கூட்டிலிருந்து சற்று வெளித்தள்ளிப் பொருத்திச் சுடுகிறவர்கள் லாங் ஆக்‌ஷனை விரும்பிக் கேட்பதுண்டு. அவர்களுக்கு அப்படியே கொடுங்கள், அதில் குற்றமில்லை. தங்கள் குழலின் துல்லியத்திலும் எனக்குக் குறையில்லை. 100 மீட்டரில் நன்றாகவே சுடுகிறது. என் மனத்தாங்கல் எல்லாம், ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்ததும், ரைஃபிளை நம்பிக் கையில் எடுக்கிறவனின் பாதுகாப்பை ஒரு பிளாஸ்டிக் துண்டை நம்பி விட்டதும்தான்.

எனவே இந்த ரைஃபிளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 308-க்கென்றே செய்த ஷார்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைத் தர வேண்டும். இயலாவிட்டால், அனுப்பும் செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். விவரப் பட்டியலைத் திருத்துவதோடு, இதே கட்டையுடன் ரைஃபிள் வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். என் ரைஃபிளை மாற்றுவதைவிட அதுதான் அவசரம்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். அளவெடுத்தபோது எடுத்த படங்களையும், உடைந்த கட்டையின் ஒரு துண்டையும் இணைத்திருக்கிறேன். மற்றொரு துண்டு என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்