ஏற்காட்டு மூங்கில் சுவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாமல்லபுரம், சோழர் கோயில்கள், நீலகிரி மலை ரயில் எல்லாவற்றையும் நிறைவாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் சாதாரணக் குடியானவன் வீடும் அவன் காடும்கூட அந்தப் பட்டியலில் உண்டு என்பது கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அது எனக்குக் குறையாகப் பட்டது.

1992-இல் யுனெஸ்கோ 'பண்பாட்டு நிலப்பரப்பு' என்ற வகையைச் சேர்த்தது. மனிதர் உழைப்பும் மண்ணும் சேர்ந்து உருவாக்கிய இடங்கள் அதில் வரும். கொலம்பியாவின் காபி மலைகள் 2011-இல் அந்த வகையில் இடம்பெற்றன. செங்குத்தான சரிவில் சின்னச் சின்னக் காபித் தோட்டங்கள், அவற்றுக்கு நடுவே வீடுகள். பல வீடுகளுக்கு மூங்கில் சட்டம் கட்டி மண் பூசிய சுவர், மேலே ஓடு. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது வெளிநாடு என்றே தோன்றவில்லை. அந்தச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து நான் 11 வருடம் டீ குடித்திருக்கிறேன்.

ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில் ஆசிரியராக இருந்தேன். ஊர் முழுக்க மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவது தமிழ், முன்னோர் வந்தது காஞ்சிபுரத்திலிருந்து என்று அவர்களே சொல்வார்கள். நான் போன புதிதில் பாதி வீடுகள் பழைய கட்டு. மூங்கிலைப் பிளந்து தட்டியாகப் பின்னி, இருபுறமும் செம்மண் குழைத்து அப்பி, சாணம் மெழுகியிருப்பார்கள். மலைப்புல் கூரை தாழ்வாக இறங்கியிருக்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மார்கழிக் குளிரிலும் சாரலிலும் அந்தத் தாழ்வாரத்தின் அருமை தெரியும். அடுப்புக்கு மேலே பரண். புகை பரணில் இருக்கும் சாமையையும் ராகியையும் பூச்சியிலிருந்து காத்து, அப்படியே கூரைப் புல்லுக்குள் ஏறி அதையும் உளுக்காமல் வைத்திருக்கும். புகைபோக்கி வைத்தால் கூரை சீக்கிரம் போய்விடும் என்று ஒரு பாட்டி எனக்கு விளக்கினார். வாசலில் தானியம் கொட்டி வைக்க ஆளுயரத் தொம்பை.

இப்போது அந்த ஊரில் பழைய கட்டு நான்கைந்துதான் மிஞ்சியிருக்கிறது. மற்றவை எல்லாம் கான்கிரீட். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தீப் பயம் இல்லை, ஒழுகல் இல்லை, புள்ளைகளுக்குப் படிக்க வெளிச்சம் உண்டு. குடியிருப்பவர்களுக்கு வசதி வேண்டாமா? ஆனால் வீடு போனதற்கு வசதி மட்டும் காரணம் இல்லை. என்னிடம் படித்த ஒரு பையனின் தாத்தா சொன்னது இது: "புல்லு ஏது சார்? புல்லு கெடந்த மேடெல்லாம் கம்பி வேலி போட்டாச்சு." தை, மாசியில் காய்ந்த புல்லை ஊரே சேர்ந்து அறுத்த மேடு இன்று ஒருபக்கம் சில்வர் ஓக் தோப்பு, மறுபக்கம் விடுதி மனை.

ஜப்பானின் ஷிரகவா-கோ கிராமத்தை இங்கேதான் நினைக்கிறேன். 1995-இல் பட்டியலில் சேர்ந்த ஊர். கைகூப்பியது போன்ற செங்குத்தான புல் கூரைகள், உள்ளே மேல்தளத்தில் பட்டுப்புழு வளர்ப்பு. கூரை 30, 40 வருடம் தாங்கும். மாற்றும்போது ஊரே கூடும். அந்தக் கூட்டு வேலைக்கு 'யுய்' என்று பெயர். கூரைக்கான புல்லுக்கென்றே தனி நிலம் வைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ வருவதற்கு வெகு முன்பே, 1971-இல், வீட்டை விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம் என்று ஊர்க்காரர்களே முடிவெடுத்தார்கள். பட்டயம் பிறகுதான் வந்தது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு உலகப் பட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்த காபிக்கு விழாவும் பலகையும் இருக்கின்றன. அதற்கும் முன்பிருந்த சாமைக் காட்டுக்கும் மூங்கில் வீட்டுக்கும் ஒன்றும் இல்லை. அரசு வீட்டுத் திட்டத்தில் ஒரே வரைபடம் என்பதை மலைக்காவது தளர்த்தி, விரும்புகிறவர்கள் கான்கிரீட் அறையோடு மண் சுவரும் தாழ்வாரமும் சேர்த்துக் கட்டவும் தொகை தரலாம். மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு புல் மேட்டை ஊர்ப் பொதுவாகவே விட்டு வைக்கலாம். அப்புறம், சேலத்தில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து இருக்கிற வீடுகளை அளந்து வரைந்து வைக்க வேண்டும். கட்டத் தெரிந்த கைகள் எல்லாம் 70 வயதைத் தாண்டிவிட்டன.

என் வகுப்புப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டைச் சாண் கணக்கில் அளந்து வரையச் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு நோட்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சில வீடுகளுக்கு இன்று அந்தப் படம் மட்டும்தான் மிச்சம். தங்கள் நிருபரோ மாணவர்களோ கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.