காகிதத்தின் பின்பக்கம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை இரவு நாடகம் முடிந்து, திரை மூடித் திறந்ததும் மைக்கைப் பிடித்துப் பெயர்களை வாசித்தேன். கண்ணகி, கோவலன், பாண்டியன், கோப்பெருந்தேவி, பொற்கொல்லன், மாதரி, வாயிலோன், குரவைப் பெண்கள் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நல்ல கைதட்டல். கும்பிட்டுவிட்டு இறங்கினேன். விடுதிக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து காகிதம் விழுந்தது. குப்புற விழுந்தது. பின்பக்கத்தில் பதினேழு பெயர்கள் இருந்தன. என் கையெழுத்துதான்.

அந்தப் பதினேழு பெயர்களும் இப்போது துறை அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. இந்த முறை முன்பக்கத்தில். இங்கே நான் எழுத வந்தது அந்தப் பெயர்கள் என்னென்ன செய்தன என்பதை. வேலையைச் சொன்னால் ஆள் யாரென்று நம் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் மேடை. கோவலன் மதுரைக்கு வருவதில் தொடங்கி, கண்ணகி பாண்டியன் அவையை விட்டு வெளியேறுவது வரைதான் எங்கள் நாடகம். மாதவியின் அரங்கேற்றம் எங்கள் கதையிலேயே இல்லை. ஆனால் மேடை அமைக்க வந்த தம்பி, இரண்டாம் ஆண்டு இயற்பியல், சிலப்பதிகாரத்தில் வேறு எதையும் படிக்காமல் அரங்கேற்று காதையை மட்டும் படித்துவிட்டு வந்து நின்றார். "அண்ணா, மேடைக்கு அளவு போட்டே குடுத்திருக்காங்க" என்றார். உண்மைதான். அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். மேல் பலகைக்கும் தரைப் பலகைக்கும் நடுவே நான்கு கோல். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாசல். ஒரு கோல் என்பது 24 விரல்.

யாருடைய விரல் என்று ஒருநாள் முழுக்கச் சண்டை. உரையில் பெருவிரல் என்று இருக்கிறது என்றார் தமிழ்த்துறை அக்கா. சரி என்று தம்பி தன் பெருவிரலையே வைத்து அளந்தார். ஒரு கோல் ஏறக்குறைய 19 அங்குலம் வந்தது. அந்தக் கணக்கில், கலையரங்க மேடைக்கு மேலேயே இன்னொரு மேடை எழுந்தது. ஆறு பிளைவுட் பலகை, அடியில் பழைய வகுப்பறை பெஞ்சுகள். உத்தரத்தையும் நான்கு கோலில் கட்டியே தீருவேன் என்றார். நான்கு கோல் என்றால் ஆறடி நாலு அங்குலம். எங்கள் பாண்டியன் வெறுந்தலையோடே ஐந்தடி பதினொன்று. மகுடத்தோடு முதல் ஒத்திகைக்கு வந்தவர் உத்தரத்தில் இடித்துக்கொண்டு, கண்ணகி வருவதற்கு முன்பே மகுடத்தை இழந்தார்.

இளங்கோ அடிகளை மாற்றுவதா, மகுடத்தை மாற்றுவதா? மகுடத்தைத்தான் மாற்றினோம். அந்தப் பாவம் உடை அணியின் தலையில் விழுந்தது. முன்பு புதுமண்டபத்தில் இருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல் கடைகளில் ஒன்றில், அழகர் வேஷத்துக்குத் துணி தைக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். தலையோடு ஒட்டிப் படியும் தலைப்பாகை மாதிரி ஒரு மகுடத்தை ஒரே மதியத்தில் தைத்துக் கொடுத்தார். ஜரிகைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். ஐயா, உங்களுக்கு இணையம் பழக்கமில்லை என்று தெரியும். உங்கள் பேத்தி இதைப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உடை அணியின் தலைவி தன் பாட்டியின் பெட்டியிலிருந்தும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஏழு சுங்குடிச் சேலைகளைக் கொண்டுவந்தாள். ஆய்ச்சியர் குரவைக்கு. சிலப்பதிகாரக் காலத்தில் சுங்குடி ஏது என்று ஒரு பேராசிரியர் கேட்டார். கேட்கட்டும். ஏழு நிறங்களில் ஏழு பெண்கள் வட்டமாக நின்றபோது மதுரைக்காரர்களுக்கு அவர்கள் யார் வீட்டுப் பெண்கள் என்று தெரிந்தது. எனக்கு அது போதும். குரவையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பேருக்கும் ஏழு சுரங்களின் பெயர். எங்களிடம் ஆறு பேர்தான் இருந்தார்கள். நாடகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவளைத்தான் எழுப்பித் தாரமாக நிறுத்தினோம். ஆடி முடித்துவிட்டு, அதே சேலையோடு பக்கத் திரைக்குப் பின்னால் ஓடி, கோப்பெருந்தேவிக்குக் கொண்டை போட்டாள்.

இனி சிலம்பு. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டும்.

கதை உங்களுக்குத் தெரியும். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால்தான் தெரியும். நாடகமே அந்த ஒரு உடைப்புக்காகக் காத்திருக்கிறது. அது உடையாவிட்டால் பாண்டியன் சாக முடியாது, கோவலன் கள்வனாகவே இருந்துவிடுவான். இந்தப் பொறுப்பைத் தாவரவியல் படிக்கும் ஒரு பெண் ஏற்றுக்கொண்டாள். முதலில் மானாமதுரைக்குப் போய் மண்ணில் சுட்ட சிலம்புகளை வாங்கி வந்தாள். கண்ணகி ஓங்கி எறிந்தார். சிலம்பு 'டங்' என்று ஒரு துள்ளு துள்ளி, உருண்டு, முன்வரிசை நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. கடம் செய்கிற ஊர் மண், லேசில் உடையுமா?

மறுபடி போனாள். குயவர் வீட்டு அம்மாதான் வழி சொன்னார்: "சுடாம வெயில்ல மட்டும் காயவச்சுத் தாரேன், பச்சை மண்ணு, தொட்டாப் பொடியும்." பொடிந்தது. பேருந்தில் மடியில் வைக்கோல் பரப்பி வைத்துக் கொண்டுவந்தும் திருப்புவனம் வேகத்தடையில் இரண்டு போயின. மீதியை மேசையில் வைத்து, மூச்சு விடாமல் தங்க நிறம் பூசினாள். உள்ளே போட மாணிக்கம் வேண்டுமே. குன்றிமணி என்று நான் சொன்னேன். அது விஷம், வாயில் போட்டுக் கடித்தால் ஆபத்து, பார்க்க வருகிறவர்கள் குழந்தைகளோடு வருவார்கள் என்றாள். எனக்கு உண்மையிலேயே அது தோன்றியிருக்கவில்லை. மஞ்சாடி விதைகளைக் கொண்டுவந்தாள். முழுச் சிவப்பு, விளக்கு பட்டால் மின்னும். ஒரு சிலம்புக்கு நாற்பத்திரண்டு. ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் முதலாம் ஆண்டுத் தம்பிகள் நான்கு பேர் குப்புறப் படுத்து அந்த நாற்பத்திரண்டையும் பொறுக்கி எண்ணிக் கொடுப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்று அவர்களுக்கு டீ கிடையாது. சட்டம் அவளுடையது.

இசைக்கு வந்தவர் மாணவர் அல்ல. ஐம்பது வருடமாக, ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கும் ஐயா ஒருவர், எங்கள் மிருதங்கக்காரனுக்குத் தாத்தா முறை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். அந்த வழியில் வந்த கோவலன் நாடகத்தை ஊர் ஊராக விடிய விடிய வாசித்த கை இவருடையது. எங்கள் நாடகம் ஒரு மணி இருபது நிமிடம் என்றதும் சிரித்தார். "எங்க நாடகத்துல இந்நேரத்துக்குப் பபூனே இன்னும் உள்ள போயிருக்க மாட்டாரே தம்பி!"

சிலம்பு உடையும் இடத்துக்கு நான் பெரிதாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். ஆர்மோனியம் உச்சத்தில், மிருதங்கம், டோலக், பலவகைத் தாளக்கருவிகள் வாசிக்கும் ஆல்ரவுண்டுக்காரர் ஜால்ராவை ஓங்கி ஒரு தட்டு. ஐயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த இடத்துல நான் வாசிக்கல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாக்குவாதமும் செய்தேன். அவர் துருத்தியை மூடிவிட்டு, "ஒருதடவை சும்மா இருந்து பாருங்க" என்றார்.

சும்மா இருந்தோம். சிலம்பு விழுந்து பொடிந்தது. அடியில் பெஞ்சும் காற்றுமாக இருந்த அந்தப் பிளைவுட் மேடையில் நாற்பத்திரண்டு விதைகளும் உருண்டன. மேடை ஒரு பறை போல அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கியது. கடைசி விதை உருண்டு நிற்கும் வரை கேட்டது. இயற்பியல் தம்பியும் தாவரவியல் பெண்ணும் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகச் செய்த இரண்டு வேலைகள் அங்கேதான் ஒன்றையொன்று சந்தித்தன. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் அந்த ஐயா. இயக்குநர் என்று அழைப்பிதழில் போட்டிருந்த நான் அல்ல.

வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் அரங்கம் எப்படி இருந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும்.

விளக்கு. எங்கள் கலையரங்கத்தில் முன்பக்கம் இரண்டு சிமெண்டுத் தூண்கள் இருக்கின்றன. எப்படி விளக்கு வைத்தாலும் ஒன்றின் நிழல் பாண்டியன் முகத்தில் விழும். விளக்குப் பொறுப்பில் இருந்தவள் மூன்று இரவுகள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று அதே அரங்கேற்று காதையில் இருப்பதைத் தம்பி காட்டியபோது, "எப்படி வைக்கணும்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை. அவளே கண்டுபிடித்தாள். சாமியானா கடையில் வாடகைக்கு வாங்கிய இரண்டு ஹாலஜன்களைத் தூண்களுக்கு முன்னால், தாழ்வாக, பக்கவாட்டில் நிறுத்தினாள். மதுரை எரிவதைக் காட்டச் சிவப்பு ஜெல் காகிதம் வாங்கி வைத்திருந்தோம். கடைசியில் வேண்டாமென்று விட்டதும் அவள் யோசனையே. எரிவதை மதுரைக்காரர்களுக்கு ஏன் காட்ட வேண்டும்? கண்ணகி போனபின் ஒவ்வொரு விளக்காக அணைத்தால் போதும் என்றாள். போதுமாக இருந்தது. ஜெல் காகிதம் பிரிக்காமல் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

எழுத்துப் பிரதி எழுதிய தமிழ்த்துறை அக்கா, எங்கே பேச்சு மொழி, எங்கே செய்யுள் என்று கோடு போட்டுக் கொடுத்தவர். பிரதியைக் கையில் பிடித்து இருட்டில் நின்ற இருவர், கோவலன் மறந்த நான்கு வரிகளையும் யார் காதிலும் விழாமல் எடுத்துக் கொடுத்தார்கள். திரை இழுத்தவர்: சிலப்பதிகாரத்தில் மூன்று வகை எழினி, அதாவது திரை, உண்டு, எங்களிடம் இருந்தது ஒன்று, அதுவும் பாதியில் நிற்கும், அதை நிற்காமல் இழுத்தார். முகத்துக்கு அரிதாரம் பூசிய இருவர். இரவு பதினோரு மணிக்கும் கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி அண்ணன். கணக்கு எழுதாமல் டீ அனுப்பிய எதிர்க்கடை அக்கா. அக்கா, கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன், இந்த மாதத்துக்குள் வந்துவிடும்.

அப்புறம் மேடை நிர்வாகம் பார்த்தவள். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு, கழுத்தில் ஒரு விசில். யார் எப்போது எந்த வாசலில் வர வேண்டும், எந்தப் பொருள் எந்தக் கையில் இருக்க வேண்டும் எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. ஒத்திகைகளில் நான் அதிகம் கத்தியது அவளிடம்தான். பெரும்பாலும் தப்பு என்னுடையதாக இருக்கும். அன்று இரவு காகிதத்தைப் பார்த்ததும் முதலில் அவளுக்குத்தான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும். பக்கத்தைத் திருப்புவேன்னு விங்லருந்து பாத்துட்டேதான் நின்னேன்" என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவள்தான், "திங்கக்கிழமை காலைல பெஞ்சை எல்லாம் வகுப்புல போடணும், ஆள் வேணும்" என்றாள்.

எனவே திங்கள் காலை ஏழு மணிக்குக் கலையரங்கத்தில் மேடையைப் பிரிக்கிறோம். நடித்தவர்கள் கட்டாயம் வாருங்கள், பாண்டியனும் சேர்த்து. ஆணி பிடுங்க வேண்டும், பெஞ்சு சுமக்க வேண்டும். இட்லி என் செலவு. வெள்ளிக்கிழமை உடைந்த சிலம்பிலிருந்து முப்பத்தெட்டு விதைகள்தான் கிடைத்திருக்கின்றன. மீதி நான்கும் பலகை இடுக்கில் இருக்கும். கிடைத்தால் தாவரவியல் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள், எண்ணி வாங்கிக்கொள்வாள்.

அன்புடனும் நன்றியுடனும்,
அழைப்பிதழில் இயக்குநர் என்று போட்டிருந்தவன்