கட்டிலின் தலைமாட்டைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஐசியூவில் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத் ஜிங்க் என்கிற துத்தநாகமும் செலினியம் என்ற தாதுச்சத்தும் கொடுத்தால் நுரையீரல் தொற்று வராது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் பனிக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் முற்றி, கோத்தகிரியிலிருந்து மலைப்பாதை இறங்கிக் கோவைக்குக் கொண்டுபோனோம். 11 நாள் வென்டிலேட்டர். யாரோ சொன்னார்கள் என்று மாமா ஜிங்க் மாத்திரை ஒரு அட்டையும் செலினியம் ஒரு டப்பாவும் வாங்கி வந்து, மூக்குக் குழாயில் கரைத்து விடச் சொன்னார். "குழாயில் போகிற உணவிலேயே இதெல்லாம் இருக்கிறது. குறைவு தெரிந்தால் நாங்களே கொடுப்போம்" என்றார் டியூட்டி டாக்டர். மாமாவுக்கு மனம் ஆறவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு எதையாவது செய்ய வேண்டும் போலத்தான் இருக்கும்.

துத்தநாகம் வீண் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 நாள் கொடுக்கிறார்கள். ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவர் கதை வேறு. கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவில் அப்படிப்பட்ட 1,223 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், செலினியம், துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தும் பலன் தெரியவில்லை.

தொற்று வரும் வழி வேறு. மூச்சுக்குழாயில் வைத்த டியூபைச் சுற்றி உப்பியிருக்கும் பலூனுக்கு மேலே எச்சில் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் கசிகிறது. வாயில் இருக்கும் கிருமியும் கூடவே போகிறது. அதனால்தான் கட்டிலின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்கிறார்கள். குழந்தைகளுக்கான சின்ன பிரஷ்ஷால் ஒரு சிஸ்டர் அம்மாவின் பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்ததைப் பார்த்தேன். இன்னொரு கையில் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் குழாய். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

ஒரு ராத்திரி விரிப்பு மாற்றியவர்கள் தலைமாட்டைத் தூக்க மறந்துவிட்டார்கள். காலை பார்வை நேரத்தில் அம்மா மட்டமாகப் படுத்திருந்தார். சொன்னதும் சிஸ்டர் ஓடி வந்து சரிசெய்தார். அவர் ஒருவரே மூன்று கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிப் போகும் குடும்பங்கள் உங்கள் பத்திரிகையை நம்புகின்றன. தலைமாடு உயர்ந்திருக்கிறதா, இன்று வாய் சுத்தம் செய்தார்களா, டியூபைச் சீக்கிரம் எடுக்க முடியுமா என்று மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்தார்களா என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கச் சொல்லி அடுத்த வாரம் அதே பக்கத்தில் போடுங்கள்.

ஒரு வாசகி,
கோத்தகிரி