கம்பெனி தொடங்கியது குற்றமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில், ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சையைத் தயாரிக்க மும்பை ஐஐடி விஞ்ஞானிகள் தொடங்கிய இம்யூனோஆக்ட் நிறுவனத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டுக் கம்பெனி தொடங்கி, ரத்தப் புற்றுநோயாளிகளிடம் 30, 40 லட்சம் வாங்குகிறார்களே என்று கோபப்பட்டிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை விஞ்ஞானிகள் மேல் காட்டியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் செம்பூரில் 41 வருடமாக இருக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரிலிருந்து பரேல் டாடா மருத்துவமனைக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாகப் போவது என் வழக்கம். தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்குவார்கள், இந்தி தெரியாது. கேஸ் பேப்பர் போடுவது, எந்த மாடி, எந்த வரிசை, காட்கே மகாராஜ் தர்மசாலையில் தங்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது. இதுதான் நான் செய்வது.

2018இல் சங்கரன்கோவில் பக்கமிருந்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் மகனோடு வந்தார். பையனுக்கு 17 வயது, பி-செல் லூக்கிமியா என்ற ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து ரத்த அணுக்களின் கவுன்ட் எல்லாம் சரியாகி ஊருக்குப் போனான். எட்டே மாதத்தில் நோய் மறுபடி வந்துவிட்டது. அடுத்த கீமோவுக்கு அடங்கவில்லை. நோய் அடங்காமல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் செய்ய முடியாது. அமெரிக்காவில் கார்-டி செல் என்று ஒரு சிகிச்சை வந்திருக்கிறது, மூன்று நான்கு கோடி ஆகும் என்று டாக்டர் சொன்னார். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். "கோடியா, லட்சமா அண்ணாச்சி?" என்று அந்த அப்பா என்னிடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் கோடி என்றேன். சில மாதத்தில் பையன் போய்விட்டான்.

2021 ஜூன் 4 அன்று, டாடா மையத்தின் கார்கர் வளாகத்தில், அதே சிகிச்சையை நம் நாட்டிலேயே தயாரித்து முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். செல்களை உருவாக்கியது பவாயில் உள்ள ஐஐடி. செய்தியைப் படித்ததும் அந்த அப்பாவின் நம்பரை எடுத்துப் பார்த்தேன். கூப்பிட மனம் வரவில்லை.

கம்பெனி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த மருந்தைப் பாராசிட்டமால் மாதிரி மொத்தமாகச் செய்து அடுக்கி வைக்க முடியாது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே, நோயை எதிர்க்கும் டி செல்களைப் பிரிக்கிறார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றிய லென்டிவைரஸ் என்ற ஒரு வகை வைரஸ் மூலம் அவற்றுக்குள் ஒரு புது மரபணுவைச் செலுத்துகிறார்கள். இந்த நோயில் புற்றாக மாறுவது பி செல்கள் என்ற ரத்த அணுக்கள். அவற்றின் மேல் சிடி19 என்று ஒரு புரதம் உண்டு. அதை அடையாளம் கண்டு தாக்க இந்த டி செல்கள் பழகிக்கொள்கின்றன. பிறகு அவற்றைப் பெருக்கி, சோதித்து, அதே ஆளுக்குத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு ஆகாது. ஆளுக்கு ஆள் தனித் தயாரிப்பு, தனிச் சோதனை. கல்லூரி ஆய்வகத்தில் சில பேருக்குச் செய்யலாம். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஆலை வேண்டும், உரிமம் வேண்டும், முதலீடும் வேண்டும்.

2013இல் ஐஐடிக்கு வந்த பேராசிரியர் ராகுல் பூர்வாரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களும் 2018இல் நிறுவனம் தொடங்கியது அதற்காகத்தான். மருத்துவப் பரிசோதனைக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை வழியாக 19.15 கோடி கிடைத்தது உண்மை. 2021இல் ஹைதராபாத்தின் லாரஸ் லேப்ஸ் என்ற மருந்து நிறுவனம் 46 கோடி போட்டு இம்யூனோஆக்டில் கால் பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கியதும் உண்மை. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் பெரும் செலவு வைக்கும் அந்த வைரஸையும் இவர்களே தயாரித்தார்கள். 2023 அக்டோபரில் இந்தச் சிகிச்சைக்கு நெக்ஸ்கார்19 என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் முர்மு ஐஐடிக்கு வந்து தொடங்கிவைத்தார். கோடியில் இருந்ததை லட்சத்துக்குக் கொண்டுவந்தவர்களை வியாபாரி என்று திட்டினால், அடுத்து வருகிறவர் ஆய்வுக்கட்டுரையோடு நிறுத்திக்கொள்வார்.

வேலூர் சிஎம்சியையே பாருங்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்தார்கள். கண்காணித்த காலம் முழுவதும் அந்த ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து பேரோடு நின்றுவிடாமல் அது ஊருக்கெல்லாம் வரவேண்டுமானால், அங்கேயும் யாராவது ஒருவர் ஆலை கட்டித்தான் ஆகவேண்டும்.

சரி, 40 லட்சத்துக்கு அந்த விசைத்தறித் தொழிலாளி எங்கே போவார்? மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம். எட்டில் ஒரு பங்கு. கல்லீரல் மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் தனி நிதியிலிருந்து உச்சவரம்புக்கு மேலும் தருகிறது. இந்தச் சிகிச்சையையும் அதே வழியில் சேர்க்க வேண்டும். கோபப்படுகிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நெக்ஸ்கார்19 மருத்துவப் பரிசோதனையில் பலன் மதிப்பிடப்பட்ட 51 பேரில் 73 சதவீதம் பேருக்கு நோய் கட்டுப்பட்டது. மீதிப் பேருக்குக் கட்டுப்படவில்லை. வீட்டை விற்றுப் பணம் கட்டி, அந்த மீதியில் தன் பிள்ளை விழுந்துவிட்டால்? இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இதே வகைச் சிகிச்சைக்கு அரசு பணத்தைப் பிரித்துக் கட்டுகிறது. நோயாளி தேறினால்தான் அடுத்த தவணை. பொதுப்பணம் போட்டு வளர்ந்த நிறுவனத்திடம் நம் அரசும் அப்படி ஒரு ஒப்பந்தம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. கேட்கவேண்டிய முழு உரிமை இருக்கிறது.

அப்புறம், உங்களிடமும் ஒரு வேண்டுகோள். போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், பேப்பரில் பார்த்தேன், வயலுக்கு விலை பேசிவிட்டேன், எப்போது ரயில் ஏறட்டும் என்றார். வயலை விற்கவேண்டாம், இது அதற்கான மருந்து இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத அல்லது திரும்ப வந்துவிட்ட பி-செல் லூக்கிமியா, பி-செல் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) ஆகியவற்றுக்கு மட்டும்தான், அதுவும் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது. இனி இதைப் பற்றிச் செய்தி போடும் ஒவ்வொரு முறையும், விலையைப் போடுகிற அதே பெரிய எழுத்தில் இந்த வரியையும் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
செம்பூர், மும்பை